ஐ7 போடலாமா? முதலில் ஐ3-ஐ மெதுவாக்கிப் பார்த்தேன்

கம்ப்யூட்டர் அண்ணனுடையது. ஐ3-2100 ப்ராசசர், எச்61 சிப்செட் உள்ள மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஸ்விட்சைத் தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட வேண்டியதுதான், அவ்வளவு நேரம் எடுக்கும். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தால் மவுஸ் அம்பே தயங்கித் தயங்கி நகரும். அவர் அதில் செய்வது கணக்கு ஸ்ப்ரெட்ஷீட், பிரவுசிங், வீடியோ பார்ப்பது, அவ்வப்போது போனில் எடுத்த வீடியோக்களை அளவு குறைத்து மாற்றுவது. "ஐ7 போட்டா சரியாயிடுமாடா?" என்று கேட்டார். அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-2600 ஒன்று நண்பரிடம் சும்மா கிடந்ததால், சோதித்துப் பார்க்கக் கடனாகக் கிடைத்தது. ஊகமாகச் சொல்லாமல் அளந்தே பதில் சொல்லலாம் என்று இறங்கினேன்.

முதலில் அந்தச் சாக்கெட் எதுவரை போகும் என்று பார்த்தேன். எல்ஜிஏ 1155. இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் (2011), ஐவி பிரிட்ஜ் (2012) ஆகிய இரண்டு தலைமுறைகளோடு அதன் ஆயுள் முடிந்தது. 2013-இல் ஹாஸ்வெல் வந்தபோது சாக்கெட்டும் 1150 என்று மாறிவிட்டது. இருக்கும் ஐ3-2100-இல் 2 கோர், 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்), வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தேவைப்படும்போது தானே வேகம் ஏறுவது) கிடையாது, 3 எம்பி கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 65 வாட். ஐ7-2600-இல் 4 கோர், 8 த்ரெட், 3.4-இல் தொடங்கி டர்போவில் 3.8 வரை ஏறும், 8 எம்பி கேஷ், 95 வாட். ஐவி பிரிட்ஜ் ஐ7-3770 இன்னும் ஒரு படி மேல், 3.9 வரை டர்போ, ஆனால் 77 வாட்தான்.

காகிதத்தில் 3770 அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய எச்61 போர்டில் அதைப் போட பயாஸை, அதாவது போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை, அப்டேட் செய்ய வேண்டும். பல போர்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் ஃபர்ம்வேர் என்ற, சிப்செட்டுக்குள் ஓடும் மென்பொருளையும் சேர்த்து. அதையும் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். புதியதைப் போட்டுவிட்டு அப்டேட் செய்யலாம் என்றால் திரையில் ஒன்றும் வராது, செய்ய வழியும் இருக்காது. எந்த ப்ராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு என்ற பட்டியல் போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும். அதில் போர்டின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். அந்த எண் போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. லேப்டாப் என்றால் பெரும்பாலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ப்ராசசர் போர்டோடு சால்டர் ஆகியிருக்கும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒன்று கணக்கில் தெரிந்துவிட்டது. ஐ3-2100, ஐ7-2600 இரண்டும் ஒரே தலைமுறை. கோரின் உள்கட்டமைப்பு ஒன்றுதான். ஒரே ஒரு கோரை மட்டும் நம்பியிருக்கும் வேலையில் 3.1-க்கும் 3.8-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 22 சதவீதம். கூடுதல் கேஷ் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறப்பது, ஒரு இணையப் பக்கம் வரைந்து முடிப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த ரகம். எல்லாக் கோர்களையும் சேர்த்து வேலை வாங்கும் மென்பொருளில்தான் இரண்டு மடங்கு என்ற பேச்சே வரும்.

அடுத்து, தவிப்பு எங்கே என்று பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் வழக்கமாகச் செய்வதையே செய்யச் சொன்னேன். ப்ராசசர் 30, 40 சதவீதத்தில் சோம்பிக் கிடந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் தட்டையாக நின்றது. அதைவிட முக்கியமானது அதற்குக் கீழே இருந்த எண்: டிஸ்க் 100 சதவீதம் ஓடியும் நகர்ந்த தரவு வினாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான். ஹார்டு டிஸ்க்கின் முள் இங்கும் அங்கும் ஓடுவதிலேயே நேரம் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். சுழலும் டிஸ்க் ஒவ்வொரு இடமாகத் தேடிப் போக ஏறக்குறைய 10 மில்லிவினாடி எடுக்கும். ஆகவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை வினாடிக்கு நூறு சொச்சம் தடவைக்கு மேல் எட்ட முடியாது. ரேமும் 4 ஜிபியில் நிரம்பி வழிந்தது. வழிந்ததெல்லாம் பேஜ் ஃபைலாக, அதாவது ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் எழுதும் ஃபைலாக, அதே டிஸ்க்கின் தலையில்தான் விழுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த ப்ராசசர் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. நான்கு த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் மட்டும் முழுக்க ஓடினால் மொத்தக் கணக்கில் 25 சதவீதம் என்றுதான் வரும். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசசர் வாரியாகக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படி மாற்றினாலும் விண்டோஸ் ஒரே வேலையைக் கோர்களுக்குள் மாற்றி மாற்றிப் போடுவதால் படம் கலங்கலாகத்தான் இருக்கும்.

அதனால்தான் எனக்குப் பிடித்த இன்னொரு சோதனைக்குப் போனேன். வேகமான ப்ராசசர் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, இருக்கும் ப்ராசசரை மெதுவாக்கிப் பார்ப்பது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தைப் பறித்த பிறகும் ஒரு வேலை முன்போலவே ஓடினால், மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தாலும் அந்த வேலை கண்டுகொள்ளாது. காசு செலவில்லை, ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் நடப்பிலுள்ள பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட். மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட் என்ற இடத்தில் 100-ஐ 70 ஆக்கினேன். டாஸ்க் மேனேஜரில் வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி நின்றது. இறங்காவிட்டால் பயாஸில் ஸ்பீட்ஸ்டெப் (ப்ராசசர் வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டுத்தான் தொடர வேண்டும். டர்போ உள்ள ப்ராசசராக இருந்தால் 99 என்று வைத்தாலே பொதுவாக டர்போ நின்றுவிடும். அதுவே நல்ல முதல் சோதனை.

வெப்பத்தையும் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டேன். ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் வருடக்கணக்காக அடைத்த தூசி, இரண்டுக்கும் நடுவே பூசிய, காய்ந்து மாவாகிப்போன தெர்மல் பேஸ்ட் இரண்டும் சேர்ந்தால் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எடுக்கும் எந்த அளவும் பொய் சொல்லும். இங்கே தூசி இருந்தது. சுத்தம் செய்த பிறகு முழுச் சுமையிலும் வெப்பம் அடக்கமாகத்தான் இருந்தது.

70 சதவீதத்தில் கிடைத்தவை: விண்டோஸ் தொடங்கி முடிக்க எடுத்த நேரத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. பிரவுசர் முதல் தடவை திறப்பதிலும் இல்லை. அண்ணனை உட்கார வைத்து, எது முழு வேகம், எது குறைத்தது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ரெண்டுமே ஒரே மாதிரி கழுத்தறுக்குதுடா" என்றார். வீடியோ மாற்றம் மட்டும் அச்சுப் பிசகாமல் அடி வாங்கியது. முழு வேகத்தில் 20 நிமிடம் எடுத்த அதே ஃபைல், இப்போது 28 நிமிடத்துக்கு மேல் போனது. வேகம் 0.7 மடங்கானால் நேரம் 1.43 மடங்காக வேண்டும். கணக்கு அப்படியே பொருந்தியது. ஆக அந்த ஒரு வேலை முழுக்க முழுக்க ப்ராசசருடையது, மற்றவை டிஸ்க்கினுடையது.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்குதான் இது. ஒரு வேலைக்கு 40 வினாடி ஆகிறது, அதில் 30 வினாடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பது என்றால், ப்ராசசரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் குறைவது 5 வினாடிதான். எவ்வளவுதான் வேகமான ப்ராசசரைப் போட்டாலும் 30 வினாடிக்குக் கீழே போகாது.

எனவே ஐ7-ஐ ஓரமாக வைத்துவிட்டு எஸ்எஸ்டியையும் (சுழலும் பாகமே இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி ரேமையும் போட்டேன். எச்61 சிப்செட்டில் இருப்பவை பழைய 3 கிகாபிட் சாட்டா போர்ட்டுகள் (டிஸ்க்கை இணைக்கும் இடங்கள்). புதிய எஸ்எஸ்டி வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் தரக்கூடியது என்றாலும் இதில் 270, 280 அளவிலேயே முட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து எஸ்எஸ்டி வீண் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே உயிரை வாங்கியது தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் அல்ல, தேடும் நேரம். எஸ்எஸ்டியில் தேட முள்ளே கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் நின்று நிதானிக்க வேண்டியிருந்தது. பயாஸில் சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்ற பழைய வகையில் இருந்தது. எஸ்எஸ்டிக்கு ஏஎச்சிஐ வேண்டும். நேராக மாற்றினால் ஏற்கெனவே நிறுவிய விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்க வாய்ப்பு அதிகம். எம்எஸ்கான்ஃபிக்கில் போய் அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி குறித்துவிட்டு, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐ ஆக்கினால், சேஃப் மோடில் எழும் விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்கிறது. பிறகு அந்தக் குறியை எடுத்துவிட்டால் போதும். மறுநிறுவல் இல்லாமல் காரியம் முடிந்தது.

வித்தியாசத்தை விவரிக்கத் தேவையில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழுத்த தொடக்கம் 20 வினாடிக்குள் வந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு ஆர்வம் அதற்கு அடுத்த கட்டத்தில். அதே மெதுவாக்கும் சோதனையை மறுபடி செய்தேன். இந்தத் தடவை முடிவு வேறு. 70 சதவீதத்தில் கனமான இணையப் பக்கங்கள் கண்ணுக்குத் தெரியும்படி தாமதித்தன. பிரவுசர் திறப்பதும் இழுத்தது. டிஸ்க் வழிவிட்டதும் வரிசையில் அடுத்து நின்ற ப்ராசசர் வாசலுக்கு வந்துவிட்டது. எஸ்எஸ்டிக்கு முன்பு இதே சோதனை 'ப்ராசசர் வேண்டாம்' என்றது. இப்போது 'யோசிக்கலாம்' என்கிறது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே ப்ராசசர். கேட்கும் வரிசைதான் மாறியது. முதலில் ஐ7-ஐப் போட்டு, பலன் தெரியாமல் ஏமாந்து, பிறகு எஸ்எஸ்டி போட்டவர்கள் 'ஐ7 தண்டம்' என்று எழுதுவதும், வரிசை மாற்றிச் செய்தவர்கள் 'நல்ல மாற்றம்' என்று எழுதுவதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மையே.

சரி, ஐ7-ஐயும் மாட்டிப் பார்த்துவிடுவோம் என்று கழற்றினேன். கழற்றுவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட்சிங்க்கை நேராக இழுக்காமல் இப்படியும் அப்படியுமாக லேசாகத் திருகி எடுக்க வேண்டும். இன்டெல் ஹீட்சிங்க்கின் நான்கு மூலைகளிலும் உள்ள கறுப்புப் பின்களின் தலையில் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம் திருப்பினால் விடுபடும். மாட்டும்போது எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்குமூலையாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். 'க்ளிக்' சத்தத்தை மட்டும் நம்புவதில்லை நான். போர்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் கால்கள் விரிந்து, நடுவில் கறுப்புப் பின் நுழைந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் அது தெரியாவிட்டால் ஹீட்சிங்க் ஒருபக்கமாகத் தூக்கி நிற்கிறது என்று பொருள்.

எல்ஜிஏ சாக்கெட்டில் மயிரிழை போன்ற பின்கள் ப்ராசசரில் அல்ல, போர்டில் இருக்கின்றன. லீவரை விடுவித்து, தகட்டைத் தூக்கி, பழையதை நேர் மேலாக எடுத்து, புதியதன் பக்கவாட்டுப் பள்ளங்கள் இரண்டும் சாக்கெட்டின் மேடுகளோடு பொருந்தும்படி கீழே வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. பின்கள் மேல் விரலோ துணியோ பட்டு ஒன்று வளைந்தாலும் போர்டே போய்விடலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஹீட்சிங்க் அடிப்பக்கத்தைத் துடைத்து, நடுவில் சின்னதாக ஒரு துளி பேஸ்ட். அதைப் பரப்பும் வேலையை ஹீட்சிங்க்கின் அழுத்தமே பார்த்துக்கொள்ளும்.

ஹீட்சிங்க் விஷயத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐ3-2100 பெட்டியோடு வந்தது குட்டையான, முழுக்க அலுமினியத்தாலான ஹீட்சிங்க். நண்பர் கொடுத்த ஐ7-ஓடு வந்தது உயரமானது, நடுவில் செம்புத் தண்டு உள்ளது. 65 வாட்டுக்குச் செய்ததை 95 வாட் ப்ராசசர் மேல் வைத்தால் சாதாரண வேலைகளில் தெரியாது. அரைமணி நேர வீடியோ மாற்றத்தில் ஃபேன் அலறும், வேகமும் இறங்கும். எதற்காக ஐ7 போட்டோமோ அந்த வேலையிலேயே அது சறுக்கும். ப்ராசசரை மட்டும் தனியாக வாங்குபவர்கள் இதையும் பேஸ்டையும் செலவில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐ7-2600-ஓடு அதே வீடியோ ஃபைல் 9 நிமிடத்தில் முடிந்தது. நான்கு கோரும் ஓடும்போது டர்போ 3.5-இல் நிற்கும், இரண்டு மடங்கு கோர், கொஞ்சம் கூடுதல் வேகம், கணக்குக்குச் சரி. இணையப் பக்கங்களில் முன்னேற்றம் இருந்தது, ஆனால் சொன்னால்தான் தெரியும் ரகம். வீடியோ பார்ப்பதில் கொஞ்சம் வேடிக்கை. இணையத்தில் வரும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோக்களைப் பிரிக்கும் தனி வன்பொருள் இரண்டு ப்ராசசரிலும் கிடையாது. இரண்டிலும் இருப்பது அதே எச்டி 2000 கிராஃபிக்ஸ். ஐ7 அதைப் பலத்தால் சமாளிக்கிறது, அவ்வளவே. அந்தக் குறை மட்டும்தான் பிரச்சினை என்றால், விபி9-ஐத் தானே பிரிக்கும் ஜிடி 1030 போன்ற 30 வாட் கார்டு ப்ராசசரைவிடப் பொருத்தமான மருந்து. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு உபரித் தகவல்: என்க்ரிப்ஷனை விரைவாக்கும் ஏஇஎஸ் கட்டளைகள் ஐ3-2100-இல் இல்லை, ஐ5-2400, ஐ7-2600 இரண்டிலும் உண்டு. அவர்களுக்கு மாற்றம் உறைக்கும்.

ஆனால் ஐ7 போட்டாலும் மாறாதவை சில. ஹாஸ்வெல்லோடு வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைச் சில புதிய மென்பொருள்கள் கட்டாயமாகக் கேட்கின்றன. 1155 சாக்கெட்டில் எதைப் போட்டாலும் அவை ஓடாது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆக அந்தப் போர்டின் எதிர்காலம் லினக்ஸ்தான், அல்லது இணையம் தொடாத வேலைகள்.

இந்த இடத்தில் நான் பார்ப்பது விலையை அல்ல, எந்தப் பாகம் இந்தப் போர்டைத் தாண்டி வாழும் என்பதை. எஸ்எஸ்டி நாளைக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் போகும். டிடிஆர்3 ரேம் போகாது, ஆனால் அது தேவைப்பட்ட இடம் பசியோடு இருந்தது. ஐ7-2600-க்கு இந்தச் சாக்கெட்டை விட்டால் போக்கிடமே இல்லை. தினமும் வீடியோ மாற்றுபவராக இருந்தால் 20 நிமிடம் 9 ஆவது பெரிய விஷயம், நானே போடச் சொல்லியிருப்பேன். அண்ணன் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அதுவும் ராத்திரி வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர். ஐ3-ஐத் திரும்ப மாட்டிவிட்டு ஐ7-ஐ நண்பரிடமே கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. ஸ்ப்ரெட்ஷீட்டின் மெனு இடம் மாறியதற்காக மட்டும் கொஞ்ச நாள் திட்டு விழுந்தது.

என் சொந்தக் கம்ப்யூட்டருக்கு இதே சோதனை நேர்மாறான பதிலைத் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், பி350 போர்டு, 2017-இல் வந்த ரைசன் 5 1600. எஸ்எஸ்டியும் ரேமும் முன்பே தாராளம். வேகத்தைக் குறைத்ததும் நிரல் கம்பைல் ஆகும் நேரம் அதே விகிதத்தில் நீண்டது. கேமில் தெளிவுத்திறனைப் பாதியாக்கியும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்க, ப்ராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். 1155 போல அல்லாமல், இந்தச் சாக்கெட்டில் மேலே போக நிஜமாகவே இடம் இருக்கிறது. ரைசன் 5 5600-இலும் அதே 6 கோர், அதே 65 வாட். ஆனால் கோரின் வடிவமைப்பே வேறு, எல் 3 கேஷ் 32 எம்பி, எல்லாக் கோருக்கும் பொதுவாக. முதல் ரைசன் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. 2022-இல் ஏஎம்டி, என் பி350 அடங்கிய 300 வரிசைச் சிப்செட்டுகளுக்கும் 5600 போன்றவற்றை அனுமதித்தது. ஆனால் அதற்கான பயாஸ் என் போர்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, இடையில் ஒரு பழைய பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக வேண்டும் என்று பதிவிறக்கப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். யுபிஎஸ் பேட்டரி முழுதாக ஏறியதும் அந்த முதல் பதிப்பை ஏற்றப் போகிறேன்.